மாதம்மாவின் பெயருக்கு நேரே மூன்று டிக்

போன மாதம் ஸ்வேதா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற அமைப்பில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழை விடக் கன்னடம்தான் அவளுக்குச் சரளம். காபியைக் குடித்து முடித்ததும் போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். கிராமத்துக் குழுக்கள் வீடு வீடாகப் போய் எழுதுகிற பதிவேடு இப்போது நோட்டில் இல்லை, போனில் ஏறிவிட்டது. பார்த்த ஆளுக்குப் பச்சை டிக், பார்க்க முடியாத ஆளுக்கு வெறும் வட்டம்.

“நோடிக்கா, இங்க பாருங்க, ஸ்கிரீன் பூரா வட்டம் வட்டமா இருக்கு. இத்தன பேர ஏன் பாக்கலன்னு மீட்டிங்ல எல்லாரும் எங்களத்தான் பிடிச்சுக்கறாங்க. இந்த வட்டத்த எடுத்துட்டா என்ன? ஆளு ஊர்ல இல்லேன்னா பக்கத்து வீட்ல விசாரிச்சுட்டு டிக் போட்டுடலாம், இல்லியா? இத நீங்கதான் கொண்டுவந்தீங்களாமே. நீங்க ஒரு வார்த்த சரின்னா எடுத்துடறோம்.”

“எழுதித் தர்றேம்மா” என்று மட்டும் சொன்னேன். இரண்டு வரி எழுதித் தருவேன் என்று அவள் நினைத்திருப்பாள், பாவம்.

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். கேஸை மூடினேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். மகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போனில் சொன்னால், “வீட்டுக்குள்ள போயிட்டியா, இல்ல இன்னும் பஸ் ஸ்டாண்டுலயா?” என்று கேட்பேன். “உனக்கு வீடியோவுல காட்டினாலும் பழைய வீடியோவான்னு கேப்பம்மா” என்று அவள் கிண்டல் செய்வாள். நான் பிறவியிலேயே இப்படி இல்லை. இது வேலையில் வந்து ஒட்டிக்கொண்ட பயம்.

பிறந்தது ஹனூர் பக்கம், தமிழக எல்லையோர ராமாபுரம், வாழ்க்கைப்பட்டது மைசூரு. சமூகப் பணியில் ஒரு பட்டம், அதற்கு மேல் ஆறு மாதப் பயிற்சி, அவ்வளவுதான் என் படிப்பு. தமிழும் கன்னடமும் பேசுவேன் என்பதற்காகவே ஹனூர் பக்கத்துக் கிராமங்களை என் தலையில் கட்டினார்கள். அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சின்ன சுகாதாரக் குழுக்கள் இருந்தன. மலேரியா, காசநோய், பிரசவம் என்று தங்கள் ஊரைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் குழுக்கள். நாங்கள் வைத்தியம் பார்ப்பதில்லை. அவர்களுக்குப் பயிற்சி கொடுப்போம், பதிவேடு எழுதக் கற்றுக்கொடுப்போம், ஆஸ்பத்திரியில் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று காட்டிவிடுவோம். என் பொறுப்பில் ஏழு குழுக்கள் இருந்தன.

எங்கள் தலைவியை எல்லோரும் டாக்டர் மேடம் என்றே கூப்பிடுவோம். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லாக் குழுக்களின் பதிவேடுகளும் மைசூர் அலுவலகத்தில் அவர் மேஜைக்குப் போகும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பென்சிலை ஒவ்வொரு வரியின் மேலும் வைத்து, அவசரமே இல்லாமல் நகர்த்துவார். எதிரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தப் பென்சில் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நின்றால் கேள்வி வரும். பெரும்பாலும் ஒரே கேள்விதான்.

“யாரு நோடித்து?”

பார்த்தது யார் என்று அர்த்தம். ‘குழந்தைக்குக் காய்ச்சல் குறைந்துவிட்டது’ என்று எழுதியிருந்தால், யார் பார்த்தது? ‘மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்’ என்று எழுதியிருந்தால், யார் பார்த்தது? நான் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அவர் திட்டமாட்டார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். நான் எழுந்து போய்ப் போன் செய்து கேட்டுவந்து சொல்லும் வரை அந்தப் பென்சில் அங்கேயே இருக்கும்.

ரத்த அழுத்தம் பார்ப்பதை அவரே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வந்தவுடன் கையைப் பிடிக்கக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டையை ஜாக்கெட் கையின் மேல் சுற்றக் கூடாது. பேச்சுக் கொடுக்கக் கூடாது. எங்கள் பெண்களுக்கு இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஒரு தடவை பார்த்து, கொஞ்சம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். கர்ப்பிணி என்றால் தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா, முகம் வீங்கியிருக்கிறதா, பிள்ளை அசைகிறதா என்று நான்கு கேள்விகள். எல்லாம் முடிந்த பிறகு அந்த வாரத்துக் கட்டத்தில் ஒரு டிக், அதன் பக்கத்தில் பிபி எண்; காசநோய்க்காரர் என்றால் மிச்சமிருக்கும் மாத்திரை எண்ணிக்கை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அதைச் செய்யும்போது நல்லதுதான் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் சேர்ந்த புதிதில், எங்களுக்கு நிதி தருபவர்கள் வெளியூரிலிருந்து பதிவேடுகளைப் பார்க்க வந்தார்கள். என்னுடைய எட்டாவது குழு ஒன்று அப்போது இருந்தது. காட்டோரத்துக் குடிகள், பாதிப் பேர் எஸ்டேட் வேலைக்கும் கல்குவாரிக்கும் போய்விடுவார்கள். அந்தக் குழுப் பெண்கள் பார்க்காத ஆளுக்குக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். வந்தவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டி, இந்தக் குழு வேலையே செய்வதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் அந்தக் குழு எங்கள் பட்டியலில் இல்லை. மேடம் அப்போது நீண்ட விடுப்பில் இருந்தார். எனக்கு ஆறவே இல்லை. வெயிலில் நடந்து தேய்ந்தவர்களுக்கு வேலை செய்யாதவர்கள் என்ற பெயர்.

மிச்சமுள்ள ஏழு குழுக்களையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த பயிற்சியில், ஏழு ஊரிலும், பாடம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் மெதுவாகச் சொன்னேன்: “ஆளு இல்லீன்னா பக்கத்து ஊட்டுல ஒரு வார்த்த கேட்டுக்குங்க. நல்லா இருக்கறதா சொன்னா டிக் போட்ருங்க. கட்டத்தக் காலியா மட்டும் உட்ராதீங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். அதன் பிறகு வந்த பதிவேடுகளைப் பார்த்து வந்தவர்கள் எல்லோரும் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

கோபிநத்தம் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். அங்கே குழுவை நடத்தியவள் செல்வி. இரண்டு எருமை, மூன்று பிள்ளைகள், கடலைக்காடு, அதற்கு மேல் இந்த வேலை. நான் சொன்னதை அப்படியே செய்வாள். அவளுடைய பட்டியலில் மாதம்மா என்று ஒரு பெண், இருபது வயது, தலைப்பிரசவம். ஏழாம் மாதத்தில் செல்வி பிபி பார்த்தபோது நூற்றைம்பதுக்கு நூறு இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக்கொடுத்தாள். இனி வாராவாரம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். “நான் வாரந்தவறாம வருவேன் கண்ணு” என்று செல்வி அவளிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த மாதத்து முதல் சனிக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். விடுப்பு முடிந்து வந்து முதன்முதலாகப் பதிவேடு பார்த்த மேடத்தின் பென்சில் மாதம்மாவின் வரியில் நின்றது.

“முதல்ல நூத்தம்பதுக்கு நூறு. அதுக்கப்புறம் மூணு வாரம் டிக் இருக்கு, எண் இல்லை. மெஷின் ரிப்பேரா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“தெரியல மேடம்.”

“யாரு நோடித்து?”

போன் செய்தேன். செல்வி காட்டில் இருந்தாள் போல, காற்றுச் சத்தம் கேட்டது. மாதம்மாவுக்கு மூன்று வாரமும் பிபி பார்த்தாயா என்று கேட்டேன்.

“அவ ஊர்ல இல்லீங்களே அக்கா. புருசனோட மைசூருக்குக் கான்கிரீட் வேலைக்குப் போயிட்டா. பக்கத்து ஊட்டக்காகிட்டக் கேட்டனுங்க, நல்லா இருக்கறதாச் சொன்னாங்க. நீங்க சொன்னாப்லதான் டிக் போட்டனுங்க.”

நீங்கள் சொன்ன மாதிரிதான். மேடம் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

எட்டாம் மாதம், பிபி ஏறிய உடம்பு, கையில் கொடுத்த மாத்திரை இரண்டு வாரத்துக்குத்தான் வரும். அவள் இந்த மைசூரில்தான் எங்கேயோ இருக்கிறாள். புருஷன் போன் ஸ்விட்ச் ஆஃப். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஓடிப்போய் எந்த இடம் என்று கேட்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் செல்வி திரும்பக் கூப்பிட்டாள். “மேஸ்திரி பேரு முருகேசனாமுங்க, உங்க ராமாபுரத்துக்காரர்தானாம். மாதம்மா போறப்பவே சொல்லீட்டுத்தான் போனாளாமுங்க” என்றாள். மூன்று வாரமாக அந்த வீட்டில் இருந்த விவரம் அது. யாரும் கேட்காததால் அந்த அம்மாளும் சொல்லவில்லை.

ராமாபுரத்தில் இருக்கும் என் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மேஸ்திரி வீட்டுக்கு நடந்துபோய் நம்பர் வாங்கித் தர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மேடம் எழுந்துவிட்டார். பிபி மெஷினைப் பைக்குள் வைத்தார், கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மேஸ்திரி போனை எடுத்ததும், “அவங்க எம்பட சைட்டுல இல்லீங்கம்மா, போன வாரமே பன்னூர் ரோட்டுச் சைட்டுக்கு அனுப்பிச்சுட்டனுங்க” என்றார். எந்தக் கட்டடம் என்று கேட்டால், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் என்றார். பன்னூர் ரோட்டில் தண்ணீர்த் தொட்டிக்கா பஞ்சம்?

முதல் இடத்தில் காவல்காரர் அப்படி யாரும் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார். இரண்டாவது இடத்தில் வேலையே நடக்கவில்லை. இதற்குள் ஊருக்குத் திரும்பியிருப்பாள், நாம்தான் வீணாக அலைகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி சொன்ன ‘நல்லா இருக்கா’வை நானும் நம்பப் பார்த்தேன்.

மூன்றாவது இடத்தில், மணல் மேட்டுக்குப் பின்னால் வரிசையாகத் தகர ஷெட்டுகள். ஆட்கள் எல்லோரும் மேலே சென்ட்ரிங் வேலையில் இருந்தார்கள். கடைசி ஷெட்டில் ஒரு பெண் சிமெண்டுச் சாக்கின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் ஊதி, கண் இடுங்கியிருந்தது.

“மாதம்மாவா?”

“ஆமாங். யாருன்னு தெரியலீங்க, கண்ணு மங்கலா இருக்குது.”

“செல்வி அனுப்புச்சாம்மா. தலவலி இருக்கா?”

“ரெண்டு மூணு நாளாப் பொளக்குதுங்.”

“புள்ள அசையுதா?”

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். “நேத்துலிருந்து தெரியலீங்க” என்றாள்.

அன்று மேடம் ஐந்து நிமிடம் காத்திருக்கவில்லை. படுத்தவாக்கிலேயே பட்டையைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார், என்னிடம் சொல்லவில்லை. “தூக்குங்க” என்று மட்டும் சொன்னார். இருவருமாக அவளைக் காரில் ஏற்றினோம். புருஷன் மேலேயிருந்து ஓடிவந்து முன்சீட்டில் தொற்றிக்கொண்டான். பாதி வழியில் அவளுக்கு ஜன்னி வந்தது. என் மடியில் அவள் தலை. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கவாட்டில் திருப்பிப் பிடி, வாயில் எதையும் வைக்காதே என்று மேடம் காரை ஓட்டிக்கொண்டே சொன்னார். எத்தனையோ பயிற்சிகளில் இதே வரியை நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மாதம்மா பிழைத்தாள். ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தாள். குழந்தை வயிற்றிலேயே போயிருந்தது, ஆண் குழந்தை. பிபி ஏறியதை ஒரு வாரம் முன்னால் பார்த்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்கலாம் என்று அங்கே இருந்த டாக்டரம்மா சொன்னார். பொதுவாகத்தான் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை செல்வியை மைசூருக்கு வரச் சொன்னார்கள். முதல் பஸ் பிடித்து, கொள்ளேகாலில் மாறி வந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. மேடம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “ஆள பாக்காம டிக் போட யாரு சொன்னாங்க?”

செல்வி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். “யாரும் சொல்லலீங்க மேடம். நானாத்தான் போட்டேன்.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க நினைத்தேன், அப்புறம் திறக்கலாம் என்று நினைத்தேன். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. இதையெல்லாம் சமாதானமாக எழுதவில்லை. செல்வி அழுதுகொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள், நான் அவளுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். இவ்வளவுதான் நான் செய்தது.

திரும்பி உள்ளே வந்தால், மேடத்தின் மேஜை மேல் ஏழு குழுக்களின் பதிவேடுகளும் திறந்திருந்தன. ஏழிலும் எண் இல்லாத டிக்குகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். செல்வி சொன்னதை நம்பினால், ஏழு ஊர்ப் பெண்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல், தாங்களாகவே, ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. “நாளைக்கே கிளம்புங்க. வட்டம் போட்ட ஒவ்வொருத்தரையும் நீங்களே பாத்துட்டு வாங்க” என்றார்.

பதினொரு நாட்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, உள்ளேயிருந்து குரல் வருகிறதா என்று நிற்பேன். குரல் வந்தால் மூச்சு வரும். ஒரு காசநோய்க்காரர் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு பெண்கள் திருப்பூருக்கே போய்விட்டிருந்தார்கள், போனில் பிடித்தோம். மற்றவர்கள் நல்லபடியாக இருந்தார்கள். அது வெறும் அதிர்ஷ்டம்தான் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து மேடத்திடம் சொல்லிவிட்டேன். “செல்வி இல்ல மேடம். நான்தான் சொன்னேன். ஏழு ஊர்லயும்.”

“தெரியும்” என்றார்.

“அன்னிக்கே ஏன் கேக்கல?”

“எனக்குத் தெரியும், எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க.”

வேலையிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த வாரமே செல்வியின் ஊருக்குப் போய், குழுப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது, அந்த டிக்கைப் போடச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உடுங்கக்கா” என்றாள். அதன் பிறகுதான் வட்டம் வந்தது. ஆளைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால் வட்டம், பக்கத்தில் அவர் எங்கே போனார் என்ற விவரம். வெளியூரிலிருந்து யாராவது வந்து, ஏன் இவ்வளவு வட்டம் என்று கேட்டால், மேடமே பதில் சொல்லிக்கொள்வார். அவர் காலமான பிறகு அந்தப் பதிலை நான் சொல்லிவந்தேன்.

மாதம்மாவிடம் மட்டும் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது? அவள் புருஷனோடு ராமாபுரத்தில் குடியேறி, பிறகு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அந்தப் பிரசவத்துக்கு நானே கூட இருந்தேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம், அக்கம்பக்கத்தாரிடம், “இந்தக்கா அன்னிக்குத் தேடி வரலீன்னா நான் மண்ணோட போயிருப்பனுங்” என்பாள். நான் சிரித்து வைப்பேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று திரும்புவேன். இப்படியே ஓய்வும் பெற்றுவிட்டேன்.

ஸ்வேதா வந்துபோன பிறகு தள்ளிப்போட முடியவில்லை. போன வாரம் ராமாபுரம் போனேன். மாதம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே மூன்று டிக் இருந்ததையும், அதைப் போடச் சொன்னது நான்தான் என்பதையும், அது இல்லாமல் இருந்தால் முதல் வாரமே தேடியிருப்போம் என்பதையும் சொல்லி முடித்தேன். அவள் கை நின்றது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். குரலில் கோபம் இல்லை.

“செல்வியக்கா வாரந்தவறாம வருவேன்னு சொல்லியிருந்தாங்கல்லங்க. நான் ஊர்ல இல்லீன்னா எங்க போனான்னு கேப்பாங்க, கேட்டாத் தேடுவாங்கன்னுதான் பக்கத்து ஊட்டக்காகிட்ட மேஸ்திரி பேரு மொதக்கொண்டு சொல்லீட்டு வந்தேன். நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னால, வியாழக்கெழம, தல தாங்க முடியாம வலிச்சப்ப, வா ஆஸ்பத்ரிக்குப் போலாம்னு அவரு வேலய உட்டுட்டு வந்து நின்னாருங்க. நான்தான் வேண்டாம்னேன். நம்மூரு அக்கா எப்படியும் வந்துருவாங்க, அவங்க வந்தா எங்க போகோணும் என்ன செய்யோணும்னு சொல்லுவாங்கன்னு சொல்லிப்போட்டேன்.”

அந்த வியாழக்கிழமை இருக்கிற வாரத்தில்தான் மூன்றாவது டிக் போடப்பட்டிருக்கிறது.

ஸ்வேதா, வட்டத்தை எடுக்காதே.